சக்கரமேறிய சுமைதாங்கி



யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருவோரங்களிலே சுமைதாங்கிக் கற்களை இன்றும் ஆங்காங்கே காணலாம். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்து சென்றோர், பிறர் கைகொடாமலே தம் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக எழுப்பப்பட்டவை அவை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலம் இருந்து வந்தது. வயிற்றிலே சுமையோடு மறைந்தவளுக்குச் செய்யத்தக்க அறம், வழியிலே சுமையோடு போகிறவனின் பாரத்தை ஒரு நாழிகையேனும் இறக்குவதே என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இன்று அக்கற்களில் எவரும் சுமை இறக்குவதில்லை. பாரத்தை மனிதன் தலையிலிருந்து முதன்முதலில் இறக்கியவை மாட்டுவண்டியும் லொறியும் என்று நாம் எண்ணக்கூடும். பெருஞ்சுமையைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் மாட்டுவண்டி வைத்திருக்க வசதியில்லாத ஏழைக் கமக்காரனின் கத்தரிக்காய்க் கடகத்தையும், மீன் விற்பவரின் பெட்டியையும், ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கு வேண்டிய விறகுக் கட்டையும் தலையிலிருந்து இறக்கியது துவிச்சக்கரவண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே பொருத்தப்பட்ட ஓர் இரும்புச் சட்டமாகும். அதனைக் 'கரியர்' என்று எல்லோரும் அறிவர். சக்கரமேறிய சுமைதாங்கி என்று அதனை நாம் அழைத்தாலும் பொருந்தும்.

துவிச்சக்கரவண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை வேகத்தின் வரலாறாகவே எழுதுகின்றனர். பந்தயங்களும் வீரர்களுமே அந்நூல்களை நிறைக்கின்றனர். உலகத்தின் பெரும்பகுதி மக்களுக்கோ அது சுமையின் வரலாறு. அன்றாடப் பாவனைக்கு ஒரு சைக்கிளைத் தெரிவு செய்பவர் முதலில் எதனை நோக்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடையும் இவ்வரலாற்றினுள்ளேயே கிடக்கிறது.

1817ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள், ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் டிறைஸ் என்பவர் மரத்தாற் செய்த இருசக்கர வண்டியொன்றில் ஏறிப் புறப்பட்டார். அதற்கு மிதி கிடையாது. ஏறியிருப்பவர் நிலத்தைக் காலால் உந்தி உந்திச் செல்ல வேண்டும். 1860களிலே பாரிசில் பியேர் மிஷோ என்னும் கொல்லரின் பட்டறையிலிருந்து முன்சக்கரத்தில் மிதி பூட்டிய வண்டிகள் வெளிவந்தன. பின்னர் இக்கைத்தொழில் இங்கிலாந்தின் கொவென்றி நகருக்குச் சென்றது. அங்கே தையல் இயந்திரம் செய்துகொண்டிருந்த கம்பனியொன்று 1869இல் சைக்கிள் தொழிலுக்கு மாறிற்று.

மிதி முன்சக்கரத்திலேயே பூட்டப்பட்டிருந்தமையால், ஒரு சுற்று மிதித்தால் வண்டி அச்சக்கரத்தின் ஒரு சுற்றளவு தூரமே செல்லும். ஆகவே வேகம் வேண்டியோர் முன்சக்கரத்தைப் பெருப்பித்துக்கொண்டே போயினர். ஈற்றில் 5 அடி விட்டமுள்ள சக்கரங்களும் தோன்றின. அதன் உச்சியிலே சவாரி செய்தவர், சிறு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழுந்தார். அதன் பின்சக்கரமோ குழந்தையின் தள்ளுவண்டிச் சக்கரமளவே இருந்தது. பாரம் வைக்க அதில் இடமேயில்லை. வாலிபரும் செல்வரும் விளையாடும் கருவியாகவே அக்காலச் சைக்கிள் இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் கொவென்றியைச் சேர்ந்த ஜோன் கெம்ப் ஸ்ராலி. அவர் 1885இல் 'றோவர்' என்னும் வண்டியை அறிமுகஞ் செய்தார். ஏறக்குறைய ஒத்த அளவான இரு சக்கரங்கள், நடுவிலே மிதி, மிதியின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் சங்கிலி. இன்று நாம் ஏறும் சைக்கிளின் இலக்கணம் இதுவே. சங்கிலிச் சக்கரங்களின் பல் எண்ணிக்கையை மாற்றியே வேகத்தைக் கூட்டலாம் என்றானபின், சக்கரம் பெரிதாக இருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. இம்மாற்றத்தைப் பாதுகாப்பின் வெற்றி என்று நூல்கள் கூறும். அதனோடு வேறொன்றும் நிகழ்ந்தது. இருக்கைக்குப் பின்னால், உறுதியான சக்கரத்துக்கு மேலே, வெற்றிடமொன்று பிறந்தது. கரியருக்கான இடம் அதுவே.

எனினும் திண்ணிய இறப்பர் பூட்டிய சக்கரத்திலே பாரமேற்றினால், தெருவின் ஒவ்வொரு கல்லும் வண்டியை உலுக்கும். பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த குழாயைச் செய்து, 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். றொபேட் தோம்சன் என்பவர் 1845இலேயே இத்தகைய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை பின்னர் தெரியவந்தது. ஆயினும் காற்றடைத்த ரயரை மக்களிடம் கொண்டு சேர்த்த பெருமை டன்லப்புக்கே உரியது. சுமக்கும் கழுதையின் முதுகுக்கு மெத்தை எப்படியோ, சுமக்கும் சைக்கிளுக்குக் காற்று அப்படி.

இவ்விரு கண்டுபிடிப்புக்களும் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் 'றோட்ஸ்ரர்' என்றழைத்த வண்டியாக உருப்பெற்றன. நொட்டிங்காம் நகரின் றலி, மற்றும் ஹம்பர், றட்ஜ் முதலிய பெயர்களை நம் முதியோர் நன்கறிவர். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல ரயர், கம்பிப் பிறேக், சங்கிலியை முற்றாக மூடிய உறை, ஏறத்தாழ 40 இறாத்தல் நிறை. பந்தயக்காரன் இவ்வண்டியைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு நியாயம் அமைந்திருந்தது.

சக்கரக் கம்பிகளையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலச் சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். ஏறியிருப்பவரின் நிறையில் பெரும்பங்கு பின்சக்கரத்திலேயே தங்குகிறது. கரியரின் பாரமும் அங்கேயே சேர்கிறது. பாரம் கூடிய இடத்திலே கம்பியைக் கூட்டு என்பது அக்காலக் கைவினைஞரின் கணக்கு. மிதியச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலுள்ள நீளம் பந்தய வண்டியில் ஏறத்தாழ 16 அங்குலமாக இருக்க, றோட்ஸ்ரரிலோ 18 அங்குலத்துக்கு மேலிருந்தது. அதனால் கரியரின் இருபுறமும் பை தொங்கினாலும் மிதிப்பவரின் குதிக்கால் அதில் இடிக்காது. நீண்ட வண்டி மெல்லத் திரும்பும்; ஆயினும் சுமையோடு நேரே செல்லும்.

சுமையை எங்கே வைப்பது என்பதிலும் பல நாட்டார் பலவாறு சிந்தித்தனர். இங்கிலாந்தின் இறைச்சிக் கடைகளும் பாண் கடைகளும் பையன்களிடம் கொடுத்தனுப்பிய வண்டியில், முன்சக்கரம் மட்டும் சிறிதாக இருந்தது. அதற்கு மேலே பெரிய கூடை. அக்கூடை ஹாண்டிலோடு திரும்பாது. வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. சக்கரம் சிறிதானமையால் சுமை தாழ்ந்து நின்றது. ஹாண்டிலோடு பிணைப்பில்லாமையால் திருப்பும் கை இலேசாக இருந்தது. பாரிசில் பத்திரிகைக் கட்டுக்களை அச்சகத்திலிருந்து கடைகளுக்கு விரைந்து கொண்டு சென்றோர், முன்சக்கரத்துக்கு மேலே அகன்ற தட்டொன்றைப் பூட்டினர். அச்சுமையைத் தாங்கிய கம்பிகள் நேரே முன்னச்சுக்கு இறங்கின. இடங்கள் வேறு, விதி ஒன்றே. சுமை தாழ்ந்திருக்க வேண்டும். அச்சை அண்டியிருக்க வேண்டும். அதன் பாரம் அச்சின் வழியே நிலத்துக்கு இறங்க வேண்டும்.

இவ்விதியின் எல்லையை உலகுக்குக் காட்டியோர் வியட்நாமியர். 1954இல் டியென் பியென் பூ என்னுமிடத்திலே பிரெஞ்சுப் படையை அவர்கள் முற்றுகையிட்டபோது, அரிசியையும் வெடிப்பொருளையும் மலைப்பாதை வழியே கொண்டு செல்ல ஏறக்குறைய 20,000 சைக்கிள்கள் பயன்பட்டன. அவற்றுட் பல பிரான்சிலே செய்யப்பட்டவை என்பது வரலாற்றின் முரண். மிதிப்பதை அவர்கள் கைவிட்டனர். சட்டத்தை மரத்தாலும் மூங்கிலாலும் வலுப்படுத்தி, மூட்டைகளை இருபுறமும் தாழத் தொங்கவிட்டு, ஹாண்டிலோடு ஒரு மூங்கிற் கழியைக் கட்டி, வண்டியைப் பக்கத்திலே நடந்தவாறு தள்ளினர். தோளிலே 20 அல்லது 30 கிலோகிராம் சுமக்கக்கூடிய மனிதன் இவ்வாறு 200 கிலோகிராமுக்கு மேலும் கொண்டு சென்றான். ஆகாயவிமானங்களையும் லொறிகளையும் நம்பிய படையொன்று, தள்ளிச் செல்லப்பட்ட சைக்கிள்களை எண்ணத் தவறியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே இலங்கைக்கு வந்து சேர்ந்த ஆங்கில றோட்ஸ்ரருக்கு யாழ்ப்பாணம் தாய்வீடு போலாயிற்று. அதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. குடாநாடு சுண்ணக்கல் மேல் விரிந்த சமதரை. ஏற்றமும் இறக்கமும் இன்மையால், பாரமான வண்டியையும் ஒருவர் களைப்பின்றி மிதிக்கலாம். ஊர்கள் நெருங்கியவை, வேலிகளுக்கிடையே ஒழுங்கைகள் ஒடுங்கியவை. மாட்டுவண்டி நுழைய மாட்டாத இடத்திலே சைக்கிள் நுழைந்தது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் முதலில் வாங்கினர். பின்னர் கமக்காரரும் மீன் விற்பவரும் வாங்கினர். அவர்கள் கைக்கு வந்தபின்னரே அது தன் முழுப்பயனைக் காட்டிற்று. வெங்காயக் கட்டும் புகையிலைச் சிப்பமும் பனையோலையும் பாற்குடமும் அதிலேறின. மணப்பெண்ணும் நோயாளியும் ஏறினர். வடக்கே இந்தியாவிலும் இவ்வண்டியே வேரூன்றிற்று. 1949இல் சென்னைக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரிலும் 1956இல் லூதியானாவிலும் எழுந்த தொழிற்சாலைகள் இந்த ஆங்கில றோட்ஸ்ரரின் வடிவத்தையே இலட்சக்கணக்கில் செய்தன. நம் நாட்டிலே செய்யப்பட்ட லுமாலா வண்டிகளும் பின்னாளில் அக்குடும்பத்தோடு வந்து சேர்ந்தன.

இச்சைக்கிளின் தகுதியைச் சோதித்த காலம் 1990இல் பிறந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லையாயிற்று. பெற்றோல் முதலிய எரிபொருள்களும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. ஒரு பெருநிலப்பரப்பின் மக்கள் வாழ்க்கை முழுவதும் மிதிகளின் மீது வந்து இறங்கியது. நோயாளர் வைத்தியசாலைக்குக் கரியரிலே சென்றனர். விறகு விற்போர் தம் உயரத்துக்கு மேல் அடுக்கிய கட்டுக்களோடு நெடுந்தூரம் வந்தனர். கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்தோர், சைக்கிளையும் படகிலேற்றிச் சென்றனர்.

வானொலி நேயர்களாகிய நீங்கள் அறிந்து கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுமுண்டு. மின்கலம் கிடையாத அந்நாட்களில், குடாநாட்டு மக்கள் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, அதன் டைனமோவிலிருந்து கம்பியிழுத்து வானொலியை இயக்கினர். முன்விளக்குக்காக ஆக்கப்பட்ட ஆறு வோல்ற் மின்சாரம் செய்தியைக் கொண்டு வந்தது. சுற்றுபவர் களைத்தால் குரல் தேயும்; மற்றொருவர் வந்து சுற்றுவார். இரு கால் கொண்ட அகன்ற ஸ்ராண்டும், பின்சக்கரத்தோடு உராயும் டைனமோவும் இல்லாத இலேசான பந்தய வண்டியொன்று அன்று எதற்கும் உதவியிராது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழியை நோக்கிச் சென்ற ஒரே தெருவில் சனக்கூட்டம் அடி அடியாக நகர்ந்தது. அன்று எவரும் சைக்கிளை மிதிக்கவில்லை, மிதிக்க இடமுமில்லை. கரியரிலே அரிசி மூட்டையும் உடுபுடவையும் கட்டியிருந்தன. பலவற்றில் வயோதிபத் தாய் தந்தையர் அமர்ந்திருந்தனர். ஹாண்டிலிற் பானை சட்டி தொங்கிற்று. தள்ளுவோர் இரவு முழுவதும் தள்ளினர். ஒரு குடும்பம் தன் வீட்டிலிருந்து எதனை மீட்டுக்கொண்டது என்பதை அன்று வரையறுத்தது அக்குடும்பத்துச் சைக்கிளின் கரியரே. வேகத்தின் வரலாற்றில் இந்த இரவுக்கு இடமில்லை. சுமையின் வரலாற்றில் இது மறக்கொணாத ஒரு பக்கம்.

போர் 2009இல் முடிவுற்றது. மோட்டார் சைக்கிள்கள் பெருகின. றோட்ஸ்ரர்கள் வீட்டுத் தாழ்வாரங்களிற் துருவேறின. 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்பிலும் கண்டியிலும்கூட மக்கள் மீண்டும் சைக்கிளைத் தேடினர்; விலைகளும் உயர்ந்தன. ஆனால் அப்போது கடைகளிலே தொங்கிய புதிய வண்டிகளிற் பல, மலைப்பாதை விளையாட்டுக்காக வகுக்கப்பட்ட வடிவின. தடித்த ரயரும் முன்கவையில் அதிர்வு தாங்கும் வில்லும் அவற்றில் உண்டு. மட்காட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, கரியர் இல்லை. எங்கள் பாடசாலை வளவிலே நிற்கும் சைக்கிள்களிலும் பாதிக்கு மேல் இவ்வகையினவே. அவற்றில் வரும் பிள்ளைகள் புத்தகப் பாரத்தை முதுகிலே சுமந்தபடி மிதிக்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன் மனிதன் உடலிலிருந்து சக்கரத்துக்கு இறங்கிய சுமை, மீண்டும் மனிதன் உடல்மீதே ஏறிவிட்டது.

ஆகவே, பிள்ளைக்கோ தமக்கோ சைக்கிள் வாங்கச் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டியவற்றை, மேலே கண்ட வரலாற்றிலிருந்தே எடுத்துக் கூறுகிறேன்.

முதலாவது, வண்டியின் சட்டம். உருக்குக் குழாயாலான நீண்ட சட்டமே அன்றாடச் சுமைக்கு உகந்தது. முறிந்தால் ஊர்ப் பட்டறையிலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. பின்னச்சுக்கு அருகிலும் இருக்கைக்குக் கீழும் கரியர் பூட்டுவதற்கான துளைகள் உண்டா என்று வாங்குமுன்னரே பாருங்கள். சேலை, வேட்டி, சாரம் உடுப்போருக்குச் சங்கிலி உறையும் இன்றியமையாதது.

இரண்டாவது, சக்கரம். பின்சக்கரத்துக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். சுமை ஏற்றுவோருக்கு 36க்குக் குறையாதிருத்தல் நன்று. ரயர் அகலமாகவும் காற்று நிறைந்தும் இருக்க வேண்டும். பழைய வண்டியாயின், மழையிலே நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் எளிதிற் பிடிக்காது என்பதை மறவாதீர்கள். றோட்ஸ்ரரின் குறைகளுள் அதுவே பெரியது. சுமையோடு செல்பவர் மழைநாளில் முன்கூட்டியே பிறேக் பிடித்துச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, கரியர். அதன் கால்கள் நேரே பின்னச்சுக்கு இறங்க வேண்டும். இருக்கைக் குழாயிலே மட்டும் கவ்விப் பின்னால் நீட்டி நிற்கும் கரியர், சிறு பொதிக்கன்றிப் பாரத்துக்கு ஆகாது. பையோ கயிறோ சக்கரக் கம்பியிற் சிக்காதபடி பக்கத் தடுப்பு இருக்க வேண்டும். இக்காலக் கரியர்களிற் தாங்கும் நிறை பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் அது 25 கிலோகிராம். வளர்ந்த ஒருவரின் நிறை அதனிலும் இருமடங்குக்கு மேல். பழைய தடித்த இரும்புக் கரியரிலே ஆளை ஏற்றிய பழக்கத்தை, இலேசான புதிய கரியரில் தொடர்தல் ஆபத்து. குழந்தையை ஏற்றுவதானால் முறையான இருக்கையும், பாதம் கம்பிக்குள் புகாதபடி மறைப்பும் வேண்டும்.

நான்காவது, சுமையை வைக்கும் முறை. பாரத்தை அச்சுக்குப் பின்னே நீட்டி வைத்தால் முன்சக்கரம் இலேசாகி, வண்டி பாம்புபோல் நெளியும். இருபுறமும் சமமாகவும் தாழ்வாகவும் கட்டினால் அதே பாரம் அமைதியாக வரும். ஹாண்டிலிற் தொங்கும் கூடைக்கு இலேசானவை மட்டும் போதும்.

ஐந்தாவது, ஸ்ராண்ட். ஒரு காலில் சாய்ந்து நிற்கும் வண்டியிற் சுமையேற்றுவது, சாய்ந்த சுவரிலே கூரை வேய்வது போன்றது. இரண்டு காலிலும் நிமிர்ந்து நிற்கும் வண்டியே சுமைக்குரியது.

இவ்வைந்தையும் சேர்த்துப் பார்த்தால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த றோட்ஸ்ரரின் இலக்கணமே மீண்டும் நம் முன் நிற்கக் காண்கிறோம். பழைய வண்டியையே வாங்குக என்று நான் கூறவில்லை. உலோகமும் பிறேக்கும் விளக்கும் இக்காலத்தில் மிகத் திருந்தியுள்ளன. அத்திருத்தங்களை ஏற்பதே அறிவுடைமை. ஆனால் கடைக்குள் நுழைந்தவுடன் கேட்கும் முதற்கேள்வியை மாற்றிக்கொள்வோம். 'இது எவ்வளவு வேகமாகப் போகும்?' என்று கேட்பவனுக்கு ஒரு வண்டியைக் காட்டுவார்கள். 'இது எதனைச் சுமக்கும்? எத்தனை காலம் சுமக்கும்?' என்று கேட்பவனுக்கு வேறொரு வண்டியைக் காட்டுவார்கள். ஒரு குடும்பத்தின் சந்தைச் சாமானும், ஒரு பிள்ளையின் புத்தகமும், வேண்டாத காலமொன்று வந்தால் ஒரு வீட்டின் எஞ்சிய உடைமையும் அந்த இரண்டாவது வண்டியிலேயே ஏறும்.